தள்ளுபடி

‘வங்கிகள் பல்லாயிரம் கோடி கடன் தள்ளுபடி’ என்ற செய்தித் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டி, “அப்ப என் டிராக்டர் கடனை மட்டும் ஏம்ப்பா தள்ளல?” என்று கேட்டார் சித்தப்பா. அவரைக் குழப்பியது ஒரே ஒரு சொல். செல்லுபடி, வரும்படி ஆகியவற்றின் உறவான தள்ளுபடிக்கு, தள்ளப்பட்டது என்பதே அடிப்படை. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடியானால் ஏற்கவில்லை என்று பொருள். ஆடி மாதத் துணிக்கடையில் அது விலைக்கழிவு. கடனோடு சேர்ந்தால், இனிக் கட்டவேண்டாம். 2021இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளியது இந்தப் பொருளில்தான். வங்கிகள் செய்வது வேறு. 90 நாளுக்கு மேல் தவணை வராவிட்டால் அது வாராக்கடன். அதற்கு ஈடாக லாபத்திலிருந்து பணம் ஒதுக்கி, பிறகு ஐந்தொகையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். வராத பணத்தைச் சொத்தாகக் காட்டிக்கொண்டிருந்தால் வங்கியின் உண்மை நிலை தெரியாது என்பதால் ரிசர்வ் வங்கி இதை அனுமதிக்கிறது. கடன் வாங்கியவர் பொறுப்பு அப்படியே இருக்கும். அடமானச் சொத்தை ஏலம்விடவும் முடியும். வங்கிகளின் இந்தத் தள்ளுபடியை ‘ஏட்டுநீக்கம்’ என்று எழுதலாம் என்பேன்: ஏட்டைவிட்டுப் போகிறது, கடன் போவதில்லை. சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். “அப்ப அவங்ககிட்டயும் வசூல் பண்ணுவாங்கல்ல?” என்றார்.