டிரெய்ன் பாட்டிலில் எவ்வளவு?

ஆர்த்தோ வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர்களுக்குக் காலை ரவுண்ட்ஸ் மறந்திருக்காது. முழங்கால் மூட்டு மாற்றிய மறுநாள், சீஃப் கட்டிலருகே வந்து நின்றதும் முதல் கேள்வி: "ஏம்ப்பா, டிரெய்ன்ல எவ்வளவு?" காயத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய், அதன் முனையில் உறிஞ்சும் பாட்டில். கேஸ் ஷீட்டில் அளவை எழுதிவிட்டுப் பாட்டிலைக் காலி செய்வோம். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் நோயாளியின் மகனை ரத்த வங்கிக்கு அனுப்புவோம். அப்படி அனுப்பப்பட்ட ஒருவர் என்னிடம், "சார், இங்க கொட்டறதும் ரத்தம்தானே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது.

டிரெய்ன் பிறந்தது ரத்தத்துக்காக அல்ல, சீழுக்காக. ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த கிரேக்க வைத்தியர்கள், நெஞ்சுக்கூட்டில் தேங்கிய சீழை வடிக்க உலோகக் குழாய் வைத்தார்கள். 1859-ல் பாரிஸ் சர்ஜன் ஷசேன்யாக், ரப்பர் குழாய்களால் சீழ் வடிப்பதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். 1871-ல் விக்டோரியா மகாராணிக்கு அக்குளில் சீழ்க்கட்டி வந்தபோது, லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தெளிக்கும் கருவியின் ரப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டி வைத்துச் சீழை வடித்தார். மகாராணி குணமானார், டிரெய்னுக்கும் மதிப்பு கூடியது!

அடுத்து வந்தது சண்டை. சந்தேகம் இருந்தால் டிரெய்ன் வை என்பது பர்மிங்ஹாம் லாசன் டெய்ட்டின் கட்சி. ரத்தக்குழாய்களைப் பொறுமையாகக் கட்டி, திசுக்களை மென்மையாகக் கையாண்டால் சுத்தமான காயத்துக்கு டிரெய்ன் எதற்கு என்பது அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் கட்சி. எலும்பு சர்ஜன்கள் பெரும்பாலும் டெய்ட் பக்கம் சாய்ந்தார்கள். வெட்டிய எலும்பிலிருந்து கசியும் ரத்தத்தை நூல் போட்டுக் கட்ட முடியாதே!

1954-ல் பிரான்ஸில் ரெடான், மூடிய குழாயில் உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1961-ல் வாவும் ஸ்டின்ச்ஃபீல்டும் அதை ஆர்த்தோ காயங்களுக்குப் பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார்கள். 1970-களில் நியூயார்க்கில் இன்சால் போன்றோரால் முழங்கால் மூட்டு மாற்று நிலைபெற்றபோது, டிரெய்னும் கூடவே தியேட்டருக்குள் வந்துவிட்டது. ரத்தம் தேங்கினால் வீக்கம், வலி, கிருமித் தொற்று எல்லாம் வரும் என்ற பயம்தான் காரணம். நியாயமான பயம். ஆனால் டிரெய்ன் வைத்தால் அவை குறைகின்றனவா என்று யார் பார்த்தது?

1980-களில்தான் முழங்காலில் அதைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1994-ல் அமெரிக்காவில் ரிட்டர் குழுவினர், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். டிரெய்னால் தனி நன்மை தெரியவில்லை. 2004-ல் பார்க்கர் குழுவினர், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றில் நடந்த 18 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 3,495 நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொற்று, ரத்தக்கட்டு, காயத்துக்காக மறுபடி ஆபரேஷன் எதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. டிரெய்ன் வைத்தவர்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய தேவைதான் அதிகம்! டிரெய்ன் இல்லாதவர்களுக்குக் கட்டு நனைந்து, மேலே கூடுதல் பஞ்சு வைக்க வேண்டி வந்தது. அவ்வளவுதான்.

காரணம் எளிது. மூடிய மூட்டுக்குள் ரத்தம் சேரச் சேர அழுத்தம் ஏறும். அந்த அழுத்தமே கசிவை அடக்கும். நாம் உறிஞ்சி உறிஞ்சி அந்த அழுத்தத்தைக் கலைத்துக்கொண்டிருந்தோம். 2015-ல் அமெரிக்க எலும்பு சர்ஜன்கள் அகாடமி, முழங்கால் மாற்றுக்கு டிரெய்ன் வேண்டாம் என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 1962-ல் ஜப்பானின் ஒகாமோட்டோ தம்பதியர் அறிவித்த டிரானெக்ஸாமிக் அமிலமும், 1990-களில் முழங்கால் ஆபரேஷனுக்கு வந்து, ரத்தப்போக்கைக் குறைத்துக் கைகொடுத்தது.

ஆக, டிரெய்ன் கெட்டதா? இல்லை. சீழ் பிடித்த மூட்டுக்கு அது இன்றும் தேவைப்படுகிறது. சீழுக்குச் சொன்ன வைத்தியத்தைச் சுத்தமான காயத்துக்கும் பழக்கத்தில் தொடர்ந்ததுதான் தவறு.

தம்பி தங்கைகளே, சீஃப் "எவ்வளவு?" என்று கேட்டால் அளவைச் சரியாகச் சொல்லுங்கள். கூடவே "எதற்கு சார்?" என்றும் மரியாதையாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டவர் கையில் ரத்த வங்கிச் சீட்டோடு நின்ற அந்த மகன்தான்.