மலையைக் குடையுமுன் கிணற்றை அளப்போம்

வீரசோழன், திருச்சுழி வட்டாரத்து வாசகர்களே! கோடையில் கிணற்று நீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது உங்களுக்குப் பழகிய வேலை. சுரங்கம் தோண்டும் இடத்தில் அந்த எளிய வேலை எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதை இலங்கையின் உமா ஓயா திட்டம் காட்டுகிறது.

மலைநாட்டு ஆற்று நீரை வறண்ட தென்கிழக்குப் பகுதிக்குத் திருப்பவும், 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கவும் 2008-இல் இத்திட்டம் தொடங்கப்பட்டது. அதற்காக மலைக்குள் 15 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்தார்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. மேலே, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளில் விரிசல் கண்டது.

காரணம் என்ன? பாறை வெடிப்புகளில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. சுரங்கம் அந்த வெடிப்பை வெட்டினால், அதுவே வடிகாலாகிவிடும். நீர் வடிந்த மண் அமுங்கும். மேலுள்ள சுவர் பிளக்கும்.

ஆகவே மழையும் கோடையும் அடங்கிய ஓராண்டேனும் கிணறுகளை முன்கூட்டியே அளக்க வேண்டும். தோண்டும்போது உள்ளே கசியும் நீரையும் அளக்க வேண்டும். கசிவு கூடினால் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைக்கலாம். பழைய அளவு இல்லையென்றால், கிணறு வற்றியது கோடையாலா, சுரங்கத்தாலா என்று எப்படிச் சொல்வது? இழப்பீடு கேட்கும் குடியானவருக்கு அந்த அளவேடே சாட்சி.

திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தண்ணீர் வந்து சேர்வதன் அருமை வறண்ட நிலத்தாருக்குத் தெரியும். அது வரும் வழியில் இன்னொருவர் கிணறு வற்றக்கூடாது என்பதும் அவர்களுக்கல்லவா முதலில் புரியும்?