சாத்தான்குளம் தேரி மணலும் டைட்டானியம் ஆக்சைடும்

தேரி என்பது தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து சற்று உள்ளே பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைக் குறிக்கும். சாத்தான்குளம் வட்டாரம் இம்மணலுக்குப் பெயர்பெற்றது. மணல் துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடின் மெல்லிய பூச்சே இதன் சிவப்பு நிறத்துக்குக் காரணம். இம்மணலில் இல்மனைட் என்னும் கருநிறக் கனிமமும் கலந்துள்ளது. இது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. இதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்தால் வெண்ணிற டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கும்.

ஒளியியல் பண்பு

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் படிகத்துக்கு அது 2.6-க்கும் அதிகம். இதன் தூள் வண்ணப்பூச்சுகளுக்கு வெண்மை தருவது இதனால்தான். மைக்கா தகட்டின் மேல் இதை ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்பில் பூசினால் முத்துப் போன்ற வெள்ளி ஒளி தோன்றும். தடிப்பு கூடக் கூடப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என நிறம் மாறும். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் ஒளி அலைகள் சில நிறங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன; சில நிறங்களில் அழித்துக்கொள்கின்றன. சிலிக்கா அடுக்குகளுடன் மாறிமாறிப் பூசப்படும்போது லேசர் கருவிகளுக்கான ஆடிகளும் வடிகட்டிகளும் உருவாகின்றன.

முத்துடன் ஒப்புமை

இக்கடற்கரையின் முத்தும் அடுக்குகளால்தான் ஒளிர்கிறது. அது ஆக்சைடு அன்று; ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிப்புள்ள கால்சியம் கார்பனேட் தகடுகளின் அடுக்கு. சிப்பிகளின் வானவில் நிறங்களை சி. வி. இராமன் 1930களில் ஆராய்ந்தார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் அருகிலுள்ள வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது.

2007 திட்டம்

2007 சூன் மாதம் தமிழ்நாடு அரசும் டாடா ஸ்டீல் நிறுவனமும் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. திட்ட மதிப்பு சுமார் 2,500 கோடி ரூபாய். சாத்தான்குளம் பகுதியிலும் அதையொட்டிய திருநெல்வேலி மாவட்டப் பகுதியிலும் சுமார் 10,000 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. வேலைவாய்ப்பு பெருகும் என்பது ஆதரித்தோர் வாதம். மணலை அள்ளினால் நிலத்தடி நீர் கெடும், பனையும் முருங்கையும் நம்பிய குடும்பங்கள் இடம்பெயர நேரும் என்று எதிர்த்தோர் அஞ்சினர். அரசியல் கட்சிகளும் எதிர்ப்பில் இறங்கின. அதே ஆண்டில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, ஆலை அமையவில்லை.

பிந்தைய நிலை

கடற்கரையோரக் கனிம மணல் அகழ்வு தனி வரலாறு உடையது. 2013 ஆகத்து மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் அதை நிறுத்திய மாநில அரசு, அடுத்த மாதம் மற்ற மாவட்டங்களுக்கும் தடையை விரித்தது. ஒளியியல் கருவிக்கு நானோமீட்டர் அளவு ஆக்சைடே போதும். ஆனால் சாத்தான்குளத்தில் திட்டமிடப்பட்டது பேரளவு ஆலை. அதற்கு ஊர்களைச் சூழ்ந்த நிலமே மூலப்பொருள் என்பதுதான் சிக்கலின் வேராக இருந்தது.