அஸ்ஸாமும் அபினியும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறியிருக்கும் நாம், நமக்கு இடமளித்த மண்ணின் வரலாற்றையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் முறையாகும். அவ்வரலாற்றின் சில பக்கங்கள் நம் இல்லத்து நலனுக்கும் உதவுவன. அஸ்ஸாமில் அபினி வேரூன்றிய வரலாறு அத்தகையது.

கசகசாச் செடியின் முதிராத காயைக் கீறினால் வடியும் பாலே உறைந்து அபினியாகிறது. அதிலுள்ள மார்ஃபின் வலியைத் தணிப்பதால், மருத்துவர் கையில் அது மருந்து. நாள்தோறும் உண்பவன் உடலோ அதற்குப் பழகிவிடுகிறது. நேற்றைய அளவு இன்று போதுவதில்லை. திடீரென நிறுத்தினால் உடல்வலியும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் வாட்டுகின்றன. இன்பம் கருதித் தொடங்கியவன், இறுதியில் துன்பம் வாராதிருக்கவே உண்கிறான்.

அஸ்ஸாமியர் இதனைக் ‘கானி’ என்பர். 1826-இல் கம்பெனியார் அந்நாட்டில் கால் வைத்த பின்னர், உழவர் தம் தோட்டத்திலேயே பயிரிட்டு உண்ணும் வழக்கம் பெருகிற்று. இக்கேட்டினைக் குறித்து 1853-இல் மணிராம் தேவான் ஆட்சியாளருக்கு விண்ணப்பித்தார். 1861-இல் ஹேமச்சந்திர பருவா ‘கானியார் கீர்த்தன்’ என்னும் நாடகத்தில் அபினிப் பழக்கத்தை எள்ளி நகையாடினார்.

அரசாங்கம் செய்தது யாது? 1860-இல் உழவர் பயிரிடுவதைத் தடுத்தது. ஆனால் கங்கைச் சமவெளியில் விளைந்த அபினியைத் தானே கொணர்ந்து விற்றது. வயல் மூடப்பட்டது, கடை திறந்தே இருந்தது. பழக்கம் விடாத உழவன் இப்போது ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியவனானான். இத்தடையோடு புதிய வரி பற்றிய அச்சமும் சேர, 1861-இல் நௌகாங் மாவட்டத்துப் பூலகுரியில் உழவர் கிளர்ந்தெழுந்தனர். அதில் ஓர் ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். மக்களைச் சோம்பேறிகள் என்று இகழ்ந்த ஆட்சியே அபினி வருவாயை எண்ணிக் கருவூலத்தில் சேர்த்தது. 1893-இல் அமைந்த அரச ஆணையமும், முழுத் தடை தேவையில்லை என்றே 1895-இல் கூறிற்று.

மாற்றம் மக்களிடமிருந்து பிறந்தது. 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தார் ஊர் ஊராகச் சென்று அபினியை விடுமாறு வேண்டினர், விற்பனை குறைந்தது. காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1925-இல் வெளிவந்தது. 1939-இல் கோபிநாத் பர்தலை அமைச்சரவை திப்ருகர், சிவசாகர் பகுதிகளில் அபினி விலக்கைத் தொடங்கியபோது, அடிமைப்பட்டோர்க்குச் சிகிச்சையளிக்கவும் முனைந்தது. விலக்கோடு சிகிச்சையும் சேர்ந்ததே இதன் சிறப்பு.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நாடு முழுதும் போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்துகிறது. ஹெராயின் என்பதும் அபினியின் வழித்தோன்றலே, அதனினும் கொடியது. அளவு மிகுந்தால் மூச்சே அடங்கும். சிலகாலம் விட்டிருந்தவன் பழைய அளவையே மீண்டும் கொள்வது பேரபாயம். உடல் அதைத் தாங்கும் திறனை இழந்திருக்கும்.

சுற்றத்தாரைப் பிரிந்து வாழும் நம் குடும்பங்களில் இத்துன்பம் நேர்ந்தால், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்கும் இயல்பு உண்டு. மறைப்பதால் நோய் முதிருமேயன்றி நீங்காது. அவனைத் தூற்றுவதை விடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14446 என்னும் கட்டணமற்ற தேசியத் தொலைபேசி எண் எம்மாநிலத்தில் இருப்போர்க்கும் பொது. அஸ்ஸாம் ஒரு நூற்றாண்டு துன்புற்றுக் கற்ற பாடத்தை, நாம் துன்புறாமலே கற்றுக்கொள்ளலாம்.