பந்தய விளையாட்டுக்குள் ஒரு விகிதப் பாடம்



ஜப்பானில் 1997 டிசம்பரில் வெளிவந்த 'கிரான் துரிஸ்மோ' என்னும் மகிழுந்துப் பந்தய விளையாட்டை, கசுனோரி யமாவுச்சியின் குழு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உழைத்து உருவாக்கியது. விசையை அழுத்தி விரைந்தோடுவதே பந்தயம் என்றிருந்த நிலையை அது மாற்றியது.

தொடக்கத்தில் கிடைப்பது 10,000 கிரெடிட் மட்டுமே. அதனைக் கொண்டு எளிய வண்டியொன்றை வாங்கி, உரிமத் தேர்வுகளில் தேறி, பரிசுப் பணத்தால் அதனைச் செப்பனிட வேண்டும். கியர் விகிதத்தைக் கூட்டினால் வண்டி விரைவில் வேகமெடுக்கும். உச்ச வேகமோ குறையும். வளைவு மிகுந்த தடத்திற்கு ஏற்றது நீண்ட நேர்த்தடத்திற்கு ஏற்காது.

எனவே, விளையாட்டை நிறுத்தச் சொல்லுமுன், "இவ்விகிதத்தை ஏன் மாற்றினாய்?" என்று பிள்ளையிடம் கேட்குமாறு வேண்டுகிறேன். வகுப்பில் விகிதக் கணக்கிற்குத் தயங்கும் மாணவனும் அங்கே விளக்கக்கூடும்.