வணிகர் கொடையும் மகமையும்

தமிழ் இலக்கியம் கொடையைப் பாடும்பொழுது பெரும்பாலும் அரசரையும் வள்ளல்களையுமே பாடுகின்றது. வணிகன் செய்யும் அறத்தை அஃது ஐயக் கண்கொண்டு நோக்கிய இடமும் உண்டு. புறநானூற்று 134ஆம் பாட்டில் ஆய் அண்டிரனைப் புகழும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயன் கருதி அறம் செய்யும் வணிகனைப் போன்றவன் அல்லன் அவன் என்கின்றார். பட்டினப்பாலையோ, பிறர் பொருளையும் தம் பொருளேபோற் பேணிய காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பாராட்டுகின்றது. இவ்விரு நோக்கினுள் வரலாறு எதனைச் சார்ந்து நிற்கின்றது? சிறு வணிகரைப் பொதுப்பணிக்குத் தூண்டியது யாது? இதனை மூன்று காலத்துச் சான்றுகள் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குகைக் கல்வெட்டுகள்

முதற்கண் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைக் காண்போம். மதுரையை அடுத்த மாங்குளத்தில், முனிவர் உறையும் குகைத்தளத்திற்கு வெள்ளறை நிகமத்தார், அஃதாவது வணிகக் குழுவினர், கொடையளித்துள்ளனர். இதனைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாக ஐராவதம் மகாதேவன் கணித்தார். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்போன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோர் பெயர்கள் உள்ளன. கரூரை அடுத்த புகழூரில் பொன் வணிகனோடு எண்ணெய் வணிகனும் இடம்பெறுகின்றான். உப்பும் கொழுவும் எண்ணெயும் விற்றோர் பெருநிதிக் கிழவர் ஆதல் அரிது. இவர்கள் தம் பெயரோடு தொழிலையும் சேர்த்துப் பொறித்தமை கருதத்தக்கது. ஊர்தோறும் சென்று விற்பவனுக்குப் பிறர் தன்னை நம்புதலே முதற்பொருள். அறப்பற்று இக்கொடைக்குக் காரணமாயினும், நல்லோன் என அறியப்படும் விருப்பமும் உடன் நின்றது எனக் கருத இடமுண்டு.

பிரான்மலைக் கல்வெட்டு

தனித்தனியே நிகழ்ந்த இக்கொடை, இடைக்காலத்தில் வணிகக் குழுக்கள் வளர்ந்தபின், கூட்டுக் கடமையாக மாறிற்று. இதற்குச் சிறந்த சான்று சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. பல ஊர் வணிகரும் ஒருங்கு கூடிக் கோயிலுக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமையை அது கூறுகின்றது. உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, பருத்தி, இரும்பு, மெழுகு, தேன், சந்தனம் முதலிய பண்டங்கள் வரிசையாகக் கூறப்பட்டு, அவ்வவற்றிற்குரிய அளவும் குறிக்கப்பட்டுள்ளது. இம்மகமை அரசன் இட்ட வரியன்று. சிறியோன் சிறிதும் பெரியோன் பெரிதும் கொடுக்க, எவனும் பிறனினும் மிகுதியாக இழவாமை இதன் சிறப்பு. அண்டை வணிகனும் கொடுக்கின்றான் என்னும் உறுதியே கொடுப்பதை எளிதாக்கியது எனலாம்.

இம்மலையே பாரியின் பறம்பு எனக் கருதப்படுவது. முல்லைக்குத் தேரீந்தவன் கொடை அளவு அறியாதது, அவனோடு முடிந்தது. அதே மலையில் வணிகர் பொறித்த கொடையோ அளவிட்டது. ஆயின் ஆள் மாறினும் தொடரத்தக்கது.

உறவின்முறையும் பள்ளியும்

அளவிட்ட இக்கொடை முறை 19ஆம் நூற்றாண்டில் புதியதொரு பணிக்குப் பயன்பட்டது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர், வண்டியும் சரக்கும் காக்கப் பேட்டைகள் அமைத்தனர். உறவின்முறை வாயிலாக மகமை தண்டினர். வழிப்பறி அச்சமே இக்கூட்டுறவின் தொடக்கம். பாதுகாப்பிற்கு எழுந்த பொதுநிதி பின்னர்க் கிணறு, கோயில், பள்ளி என விரிந்தது. பின்னாளில் விருதுநகர் எனப் பெயர் பெற்ற விருதுபட்டியில், 1880களில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீடுதோறும் பெற்ற பிடியரிசியும் அதற்கு உதவிற்று. ஏனைய கோயில்களுள் நுழையும் உரிமை இவர்க்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1899இல் சிவகாசியில் பெருங்கலகம் நிகழ்ந்தது; கமுதிக் கோயில் வழக்கில் பிரிவி கவுன்சில் 1908இல் அளித்த தீர்ப்பும் இவர்க்கு எதிராயிற்று. பிறர் மறுத்த மதிப்பைக் கல்வியால் ஈட்டும் வேட்கை இக்கொடையின் உள்ளுயிர் எனல் பொருந்தும். அப்பள்ளியில் பயின்ற காமராசர் முதலமைச்சராய் இருந்தபொழுது, 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது.

முடிவுரை

இம்முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. மகமை பெரிதும் ஓரினத்தின் வேலிக்குள் நின்றது. கொடாதவனை உறவின்முறை ஒறுத்தலும் உண்டு. ஆகவே அது முழுதும் விரும்பி ஈந்ததன்று. எனினும் பாதுகாப்பு, நம்பிக்கை, மதிப்பு ஆகிய பயன்கள் கருதப்பட்டமையால் அதனை அறமன்று எனத் தள்ளுதல் பொருந்தாது. பயன் கருதாக் கொடையை முடமோசியார் உயர்த்தியது புலவர் நெறி. பயனைப் பலர்க்கும் பொதுவாக்கிக் கணக்கிட்டுக் கொடுத்தமை வணிகர் நெறி. கொடை ஒருவன் உள்ளத்தோடு நில்லாது ஊரின் வழக்கமாதற்கு அக்கணக்கே துணை நின்றது என்பது இச்சான்றுகளால் போதரும்.