சிரிக்காத கோமாளி

1968ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் இருவகை அச்சுப்படங்கள் தோன்றின. ஒன்று, பேர்னார் பியூஃபே என்னும் ஓவியர் 'எனது சேர்க்கஸ்' என்ற பெயரில் வெளியிட்ட கல்லச்சுப் படத்தொகுதி. மற்றையது, அவ்வாண்டு மே மாதத்தில் மாணவர் கைப்பற்றிய நுண்கலைக் கல்லூரியிலே அச்சாகி நகரத்துச் சுவர்களில் ஏறிய சுவரொட்டிகள். பியூஃபே இளமையில் ஓவியம் பயின்றதும் அதே கல்லூரியிலேதான். முற்போக்காளர் பலர் பின்னையதைப் போற்றி முன்னையதை ஒரே வீச்சில் ஒதுக்குவர். அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு வழங்க நாம் உடன்படோம்.

1928இல் பிறந்த பியூஃபேயின் பிள்ளைப் பருவத்தின் இறுதியாண்டுகள் ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ்க் கழிந்தன. 1945இல் தாயை இழந்தார். சாம்பல் நிறம், வெறுமையான மேசை, எலும்பும் தோலுமான மாந்தர் என்பனவே அவருடைய தொடக்கக்கால ஓவியங்கள். உலர்ந்த ரொட்டிக்கு வரிசையில் நின்ற மக்கள் அவற்றிலே தம்மைக் கண்டனர். இருபது வயதில், 1948இல், விமர்சகர் பரிசினை லோர்ஜூவுடன் பகிர்ந்துகொண்டார். அருவ ஓவியத்தை மறுத்து மனித உருவை நிலைநாட்ட முயன்ற 'சாட்சியாம் மனிதன்' என்ற குழுவிலும் சேர்ந்தார். 1954இல் போரின் கொடூரத்தைப் பெருந்திரைகளில் தீட்டினார். அதனையடுத்தே கோமாளிகள் வருகின்றனர்.

வெள்ளை பூசிய நீள்முகம், சிவந்த மூக்கு, சிறு தொப்பி, கத்தியாற் கீறியது போன்ற கருங்கோடுகள். வாய் மூடியிருக்கிறது. சிரிப்பூட்டுவதே தொழிலாகக் கொண்டவன் சிரிக்கவில்லை. தலையை மட்டும் காட்டும் படங்களில் பின்புலமும் வெறுமையே, கைதட்டுவார் எவருமிலர். கல்லச்சு அக்கோடுகளுக்கு மிகப் பொருந்தியது. கொழுப்புச் சேர்ந்த கோலால் கல்லில் வரைந்து நீர் தடவினால், கோடு மையை ஏற்கும், ஏனைய பரப்பு ஏற்காது. தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழிதேடிய செனெபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்ட முறை இது.

இதே கல்லைத்தான் டோமியேயும் ஆண்டார். மன்னன் லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரனாக வரைந்தமைக்காக 1832இல் சிறையும் புகுந்தார். அவரும் தெருக்கூத்தாடிகளை வரைந்துள்ளார். ஆனால் அவர்களுடைய மூட்டை, பிள்ளைகள், ஆளற்ற தெரு யாவும் அங்கே உள. துயரத்துக்குக் காரணம் தெரிகிறது. பியூஃபேயின் கோமாளிக்கோ துயரம் உண்டு, காரணம் இல்லை. கூலியும் இல்லை, முதலாளியும் இல்லை. எமது குறை இதுவே. 1956இல் சஞ்சிகையொன்று அவருடைய ரோல்ஸ் ரோய்ஸ் காரைப் படம்பிடித்துக் காட்டியதும் விமர்சகர் சிலர் திடீரென அறச்சீற்றம் கொண்டனரே, அது குறையாகாது. அவர்களுள் எத்தனை பேர் ஏழைகள்?

காரணத்தை மறைத்த காரணத்தாலேயே அம்முகம் எவர் வீட்டுச் சுவருக்கும் இசைவாயிற்று. மலிவுப் பிரதிகளாகப் பெருகி நடுத்தர வர்க்கத்தினரின் வரவேற்பறைகளிலே தொங்கியது. எனினும், வேடத்தின் கீழே களைத்துப்போன மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பதை அது சொல்லாமல் விடவில்லை.

மே மாத மாணவரும் முதலிற் கல்லச்சிலேயே தொடங்கினர். தொழிற்சாலையும் பல்கலைக்கழகமும் ஒன்றுபடுக என்ற முதற் சுவரொட்டி கல்லிலிருந்தே பிறந்தது. அம்முறையின் வேகம் போதாமையால் சில நாட்களிலேயே பட்டுத்திரை அச்சுக்கு மாறினர். பியூஃபே இறுதிவரை வரைந்துகொண்டேயிருந்தார். பார்க்கின்சன் நோய் கையை முடக்க, 1999 ஒக்டோபர் 4இல் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். நெடுங்காலம் அவரைப் புறக்கணித்த பாரிஸ் நகரின் நவீன கலைக்கூடம் 2016இல் அவருக்குப் பெருங்கண்காட்சி எடுத்தது.